மிகைவெப்பமும் எச்சமும்: பெருஞ்சக்திக் கூற்றுக்கள் பற்றிய ஒரு திறனாய்வு

ஓர் இரசாயனத் தாக்கத்திலிருந்து வழமைக்கு மாறாகப் பெருமளவு சக்தி வெளிப்பட்டது என்ற கூற்று விஞ்ஞான வரலாற்றில் ஒருமுறையன்றிப் பலமுறை எழுந்துள்ளது. அக்கூற்றுக்களுட் சில அணுவின் உள்ளமைப்புப் பற்றிய புதிய அறிவுக்கு வாயிலாக அமைந்தன. வேறு சில, அவற்றை முன்வைத்தோரின் நற்பெயரையும் பொதுமக்களின் பணத்தையும் விழுங்கி மறைந்தன. இவ்விருவகைக் கூற்றுக்களும் பிறக்கும்போது ஒரே தோற்றத்தையே கொண்டிருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. இரண்டும் அக்காலத்தில் ஏற்கப்பட்டிருந்த கோட்பாட்டுக்கு முரணாயிருந்தன. இரண்டையும் முன்வைத்தோர் தகுதிவாய்ந்த விஞ்ஞானிகளாயிருந்தனர். இரண்டிலும் வெப்பமே முதன்மையான சான்றாக நின்றதுமுண்டு. எனவே, கோட்பாட்டுக்கு ஒவ்வாதது ஆகையாற் பொய் என்று தள்ளுவதும், கோட்பாடு முன்னரும் தவறியதுண்டு ஆகையால் மெய்யாகலாம் என்று கொள்ளுவதும் திறனாய்வு ஆகா. இரண்டும் கூற்றைப் படிக்காமலே தீர்ப்பு வழங்கும் முயற்சிகள்.

1989 ஆம் ஆண்டில் எழுந்த 'குளிர்நிலை அணுக்கரு இணைவு' பற்றிய கூற்று இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது. அதனை 1903 ஆம் ஆண்டின் இரேடியக் கூற்றோடும் 1926 ஆம் ஆண்டின் ஈலியக் கூற்றோடும் வைத்து ஒப்பிடும்போது, பெருஞ்சக்திக் கூற்றொன்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் வெப்பத்தின் பருமனில் மட்டும் இல்லை என்பதும், அவ்வெப்பம் எதனை விட்டுச்செல்கிறது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பதும் புலனாகும்.

இரசாயனச் சக்தியின் எல்லை

எது 'வழமைக்கு மாறானது' என்பதைக் கூறுமுன் வழமை யாது என்பதை வரையறுத்தல் வேண்டும். இரசாயனத் தாக்கத்தில் அணுக்களின் புறத்தேயுள்ள இலத்திரன்களின் ஒழுங்கே மாறுகின்றது, கருக்கள் மாறுவதில்லை. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து ஒரு மூல் திரவநீர் உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் 286 கிலோயூல். ஒரு நீர் மூலக்கூறுக்கு இது ஏறத்தாழ 3 இலத்திரன்வோல்ற்று. வேறு தாக்கங்களில் இவ்வெண் சிறிது கூடலாம், குறையலாம். ஆயினும் ஓர் அணுவுக்குச் சில இலத்திரன்வோல்ற்று என்ற அளவை இரசாயனம் பெரிதும் விஞ்சுவதில்லை. அணுக்கருத் தாக்கங்களிலோ இவ்வளவு மில்லியன்களிற் கூறப்படும்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். பொதுவழக்கில் வெடிமருந்தே பெருஞ்சக்தியின் இருப்பிடமாகக் கருதப்படுகின்றது. உண்மையில் ஒரு கிலோகிராம் ரி.என்.ரி. வெடிமருந்து வெளிவிடும் சக்தி ஏறத்தாழ 4.2 மெகாயூல் மட்டுமே. ஒரு கிலோகிராம் அரிசி உடலிற் பயன்படும்போது தருவதோ ஏறத்தாழ 15 மெகாயூல். அரிசி தனக்கு வேண்டிய ஒட்சிசனை வளியிலிருந்து பெறுகின்றது, வெடிமருந்து அதனைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது என்ற வேறுபாடு ஒருபுறமிருக்க, வெடிமருந்தின் ஆற்றல் சக்தியின் அளவிலன்று, அது வெளிப்படும் வேகத்திலேயே தங்கியுள்ளது. செக்கனுக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் வேகத்தில் அதன் வெடிப்பலை பரவுகின்றது. சக்தி வேறு, வலு வேறு. சிறிது சிறிதாகச் சேர்த்துவைக்கப்பட்ட சக்தி ஒரு கணத்தில் வெளிப்படின் அது பெருஞ்சக்தி போலத் தோன்றும். ஆகவே எந்தக் கூற்றிலும் முதலிற் கேட்கப்பட வேண்டிய வினா, எவ்வளவு காலத்தில் எவ்வளவு உள்ளே சென்றது, எவ்வளவு வெளியே வந்தது என்பதாகும்.

மெய்யான கூற்று: இரேடியம்

1903 ஆம் ஆண்டில் பியர் கியூரியும் அல்பேட் லபோர்ட்டும் இரேடிய உப்புக்கள் இடையறாது வெப்பத்தை வெளிவிடுகின்றன என அறிவித்தனர். ஒரு கிராம் இரேடியம் மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 100 கலோரி வெளிவிடும் என்பது அவர்களது மதிப்பீடு. தன் நிறைக்குச் சமமான பனிக்கட்டியை ஒரு மணித்தியாலத்திற்குள் உருக்குவதற்கு அது போதுமானது. ஓராண்டில் இது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3.7 மெகாயூல் ஆகின்றது. ஒரு கிராம் ஐதரசன்-ஒட்சிசன் கலவை எரிந்தால் வெளிப்படுவது 16 கிலோயூல் மட்டுமே. அதனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட சக்தியைத் தந்த பின்னரும் இரேடியம் குறைந்ததாகத் தோன்றவில்லை. அக்காலக் கோட்பாட்டில் இதற்கு இடமே இருக்கவில்லை.

எனினும் அக்கூற்று விரைவில் ஏற்கப்பட்டது. அதற்கான காரணங்கள் கூற்றின் அமைப்பிலேயே உள்ளன. முதலாவதாக, அவர்கள் ஒத்த இரு குமிழ்களை எடுத்து, ஒன்றில் இரேடியம் கலந்த பேரியங் குளோரைட்டையும் மற்றதில் இரேடியமற்ற பேரியங் குளோரைட்டையும் இட்டு, இரண்டுக்குமிடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டை அளந்தனர். அவ்வேறுபாடு 1.5 பாகை. ஒப்பீட்டுப் பொருள் பரிசோதனையின் உள்ளேயே இருந்தது. இரண்டாவதாக, வெளியிலிருந்து சக்தி எதுவும் செலுத்தப்படவில்லை. ஆகவே கழித்துப் பார்க்க வேண்டிய பெருந்தொகையொன்றும் இருக்கவில்லை. மூன்றாவதாக, இரேடியம் கிடைத்தோர் எவரும் அதே பெறுபேற்றைக் கண்டனர். நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. அதே ஆண்டில் வில்லியம் றம்சேயும் பிரெட்றிக் சொடியும் இரேடியத்திலிருந்து வெளிவரும் வாயுவில் ஈலியம் தோன்றுவதை நிறமாலையிற் கண்டனர். தாக்கத்தின் எச்சம் கைக்குக் கிடைத்தது. வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதை அறியாதிருந்த நிலையிலும், ஏதோ ஒன்று வேறொன்றாக மாறியுள்ளது என்பதை மறுக்க முடியவில்லை.

மீளப்பெறப்பட்ட கூற்று: 1926

1926 இல் பேர்லினிற் பணியாற்றிய பிரிற்ஸ் பனெத்தும் கூர்ட் பீற்றர்சும் பலேடியத்தில் உறிஞ்சப்பட்ட ஐதரசன் ஈலியமாக மாறுகின்றது என அறிவித்தனர். பலேடியம் தன் கனவளவிலும் பல நூறு மடங்கு ஐதரசனை உறிஞ்சவல்லது. அவ்வாறு நெருக்கப்பட்ட ஐதரசன் அணுக்கள் ஒன்றுசேரலாம் என்ற எண்ணம் இயல்பானதே. அவர்கள் வெப்பத்தைத் தேடவில்லை, எச்சத்தையே தேடினர், மிக நுண்ணிய அளவில் அதனைக் கண்டும் கொண்டனர்.

ஆயினும் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. கண்ணாடிக் குழாய்களை வெற்றிடத்திலோ ஒட்சிசனிலோ சூடாக்கினால் ஈலியம் வெளிவராமையும், ஐதரசனிற் சூடாக்கினால் வெளிவருவதும் அவர்களுக்குத் தெரியவந்தது. பயன்படுத்திய அசுபெசுத்தும் ஈலியத்தின் இன்னொரு மூலமாயிருந்தது. வளியிலிருந்து முன்னரே கண்ணாடியில் ஒளிந்திருந்த ஈலியமே 'விளைவு' என எண்ணப்பட்டது. அடுத்த ஆண்டே அவர்கள் தம் கூற்றை மீளப்பெற்றனர். எச்சம் கிடைத்தால் மட்டும் போதாது, அது வேறெங்கிருந்தும் வரவில்லை என்பதும் காட்டப்படல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம். தம் கூற்றின் முதல் எதிரிகளாகத் தாமே நின்ற அவ்விருவரின் பண்பு, அறுபதாண்டுகளின் பின் இதே பலேடியத்தைக் கையிலெடுத்தோருக்கு வழிகாட்டியிருக்க வேண்டியது.

1989 ஆம் ஆண்டுக் குறிப்பு

1989 மார்ச் 23 ஆந் திகதி அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திற் கூட்டப்பட்ட பத்திரிகையாளர் மாநாட்டில் மாட்டின் பிளைஷ்மன், ஸ்ரான்லி பொன்ஸ் ஆகிய இரு மின்னிரசாயனவியலாளர் தம் கூற்றை வெளியிட்டனர். பாரநீரில் இலிதியச் சேர்வையைக் கரைத்து, பலேடியக் கதோட்டையும் பிளாற்றின அனோட்டையும் கொண்டு மின்பகுத்தபோது, செலுத்திய சக்தியாற் கணக்குக் காட்ட முடியாத மிகைவெப்பம் தோன்றியதாகவும், பலேடியத்தினுள்ளே தியூத்திரியக் கருக்கள் இணைவதே அதற்குக் காரணம் எனவும் அவர்கள் கூறினர். இவர்களுள் பிளைஷ்மன் இங்கிலாந்தின் றோயல் சங்க உறுப்பினர். மின்னிரசாயனத்தில் நிலைத்த பங்களிப்புக்களைச் செய்தவர். எனவே இக்கூற்றை ஏமாற்று எனக் கொண்டு தள்ளுதல் முறையன்று. அடுத்த மாதம் ஓர் ஆய்விதழில் வெளிவந்த சுருக்கமான முதற்குறிப்பே திறனாய்வுக்குரிய பனுவலாகும்.

பலேடியத்தின் ஒரு கனசதமமீற்றருக்கு 10 உவாற்றுக்கு மேற்பட்ட மிகைவெப்பம் 120 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்ததாகவும், மொத்தம் 4 மெகாயூல் வெளிப்பட்டதாகவும், அணுக்கருத் தாக்கமன்றி வேறெதுவும் இதற்குக் காரணமாக முடியாதெனவும் அக்குறிப்பு வாதிட்டது. இவ்வாதத்தின் பின்பகுதி சரியானது. ஒரு கனசதமமீற்றர் பலேடியம் 12 கிராம். அதில் பலேடிய அணு ஒன்றுக்கு ஒரு தியூத்திரிய அணு வீதம் நிரம்பியிருப்பின், அத்தனையும் ஒட்சிசனுடன் சேர்ந்து எரிந்தாலும் ஏறத்தாழ 17 கிலோயூல் மட்டுமே வெளிப்படும். 4 மெகாயூல் அதனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்டது. ஒவ்வொரு பலேடிய அணுவுக்கும் பங்கிட்டால் 370 இலத்திரன்வோல்ற்று அளவில் வருவது. இரசாயனம் இதனைத் தரமாட்டாது. ஆனால் இம்முடிவு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: அளக்கப்பட்டதாகக் கூறப்படும் வெப்பம் உண்மையில் இருந்திருத்தல் வேண்டும். இரசாயனத்தால் முடியாது என்ற வாதம் எவ்வளவு வலிமையுடையதோ, அவ்வளவுக்கு அளவீட்டின் மீது சுமை ஏறுகின்றது. முதற்குறிப்பு அச்சுமையைத் தாங்கவில்லை.

அதே குறிப்பில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி இவ்வேறுபாட்டை விளக்கவல்லது. ஒரு சதமமீற்றர் பக்கமுள்ள பலேடியக் கனமொன்று ஓர் இரவில் உருகி, ஒரு பகுதி ஆவியாகியும் போனதாகச் சொல்லப்பட்டது. கேட்போரை இது அச்சுறுத்தியது; ஆனால் கணக்கு வேறு கூறுகின்றது. 12 கிராம் பலேடியத்தை அதன் உருகுநிலையான 1555 பாகைக்கு உயர்த்தி உருக்குவதற்கு ஏறத்தாழ 7 கிலோயூல் போதுமானது. மின்பகுபொருள் வற்றி, உலோகம் வளிக்கு வெளிப்பட்டு, உள்ளே நிறைந்திருந்த தியூத்திரியம் பலேடியத்தின் ஊக்கற் பரப்பிலேயே எரிந்திருப்பின், வெப்பம் பெருமளவு வெளியேறாதவிடத்து, அந்த 17 கிலோயூலே உருக்குதற்குப் போதும். பல நாட்களாக மின்னோட்டத்தாற் சேர்த்துவைக்கப்பட்டது சில கணங்களில் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். திகைப்பூட்டும் நிகழ்ச்சி இரசாயன எல்லையினுள் அடங்குகின்றது. அமைதியாக ஓடிய கலங்களின் எண்களே எல்லையைத் தாண்டுகின்றன.

கழித்தலில் தங்கிய சான்று

அவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன? இரேடியம் போலன்றி, மின்பகுப்புக் கலத்தினுள் இடைவிடாது சக்தி செலுத்தப்படுகின்றது. மிகைவெப்பம் நேரே அளக்கப்படுவதன்று. வெளிவந்ததிலிருந்து உட்சென்றதைக் கழித்துப் பெறப்படும் மீதியே அது. இரு பெரிய எண்களின் வித்தியாசமாக வரும் சிறிய எண்ணில், அவ்விரண்டிலுமுள்ள வழுக்கள் வந்து குவியும்.

பாரநீரைப் பிரிப்பதற்குச் செலவாகும் சக்தி ஓர் அம்பியருக்கு 1.54 உவாற்று. இது வெளியேறும் வாயுக்களுடன் போய்விடுகின்றது எனக் கொள்ளப்பட்டது. 5 வோல்ற்றில் 1 அம்பியர் ஓடும் கலமொன்றை எடுத்துக்கொண்டால், செலுத்தப்படுவது 5 உவாற்று. எதிர்பார்க்கப்படும் வெப்பம் 3.46 உவாற்று. ஆனால் வாயுக்கள் வெளியேறாமற் கலத்தினுள்ளேயே மீளச் சேர்ந்து நீராகுமாயின் 5 உவாற்றும் வெப்பமாகத் தோன்றும். உடனே 1.54 உவாற்று, அதாவது 44 சதவீதம், 'மிகை' எனக் கணக்கில் ஏறிவிடும். அணுக்கரு எதுவும் அசைந்திராது. உயர்ந்த மின்னோட்டங்களிற் கூறப்பட்ட பெரிய எண்களை மீளச்சேர்தலொன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பதையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். அங்கு வேறு ஐயங்கள் எழுகின்றன. நன்கு கலக்கப்படாத கலத்தில் வெப்பநிலை இடத்துக்கிடம் வேறுபடும். ஓரிடத்து வெப்பமானியின் வாசிப்பு முழுக் கலத்துக்கும் பொருந்தாது. திரவமட்டம் தாழும்போது வெப்ப இழப்பின் வீதமும் மாறும். 1989 மே மாதத்தில் போல்ற்றிமோரில் நடைபெற்ற அமெரிக்கப் பௌதிகவியற் சங்கக் கூட்டத்தில், கலிபோர்ணியத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த நேதன் லூயிஸ் இவ்வையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்.

இவற்றிலும் கூர்ந்து நோக்கத்தக்கது குறிப்பிலுள்ள அட்டவணை. மிகைவெப்பம் அதில் மூன்று வேறு அடிப்படைகளிற் சதவீதமாகத் தரப்பட்டுள்ளது. கலத்துக்குச் செலுத்திய மொத்தச் சக்தியை அடிப்படையாகக் கொண்ட நிரலில் எந்தப் பெறுமானமும் 100 சதவீதத்தை எட்டவில்லை. அதே அளவீடு, வேறொரு அனோட்டுத் தாக்கம் நிகழ்ந்து கலவோல்ற்றளவு 0.5 ஆக இருந்தால் என்ற கற்பனையின் அடிப்படையிற் கணிக்கப்பட்ட நிரலில் 1000 சதவீதத்தையும் தாண்டுகின்றது. அக்கலம் ஓடவில்லை, அவ்வோல்ற்றளவு அளக்கப்படவில்லை. சில மெல்லிய கோல்களுக்குரிய பெறுமானங்களும் குறுகிய கோல்களில் அளந்து நீண்ட கோலுக்கு உயர்த்தப்பட்டவை. இவையனைத்தும் அட்டவணையின் அடிக்குறிப்புக்களிற் கூறப்பட்டே உள்ளன, மறைக்கப்படவில்லை. ஆயினும் அடிக்குறிப்பு நிபந்தனையாகச் சொன்னதைப் பத்திரிகைகள் நிகழ்ந்ததாகவே வாசித்தன. பனுவலைப் படித்தலும் செய்தியைப் படித்தலும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

காணப்படாத எச்சம்

இரு தியூத்திரியக் கருக்கள் இணையும்போது ஏறத்தாழச் சரிபாதி வழிகளில் ஈலியம்-3 உம் ஒரு நியூத்திரனும், மறுபாதியில் திரித்தியமும் ஒரு புரோத்தனும் உண்டாகும். இவ்வாறு ஓர் உவாற்று வெப்பம் தோன்ற வேண்டுமாயின் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் மில்லியன் நியூத்திரன்கள் வெளிவருதல் வேண்டும். குறிப்பிற் கூறப்பட்டது செக்கனுக்கு 40,000 மட்டுமே. கூறப்பட்ட வெப்பத்துக்கு ஏற்ற நியூத்திரன்கள் வந்திருப்பின் அக்கலங்களின் அருகில் நின்றோர் உயிர் தப்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் நலமாயிருந்தமையே ஒரு மறுப்பு ஆயிற்று. இதனை உணர்ந்த ஆசிரியர்கள், வெப்பத்தின் பெரும்பகுதி அறியப்படாத வேறோர் அணுக்கருச் செயலால் வருகின்றது என எழுதினர். ஓர் அதிசயத்தைக் காக்க இன்னோர் அதிசயம் வேண்டப்பட்டது. சான்றாகக் காட்டப்பட்ட காமாக்கதிர் உச்சியின் வடிவமும் அக்கருவி தரக்கூடிய வடிவத்துடன் பொருந்தவில்லை என மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர் காட்டினர்.

இன்னொரு வினாவும் விடையின்றி நின்றது. சாதாரண நீரை இட்டு அதே பரிசோதனையைச் செய்தால் யாது நிகழும்? 1903 இல் இரேடியமற்ற குமிழ் ஆற்றிய பணியை இங்கு ஆற்றவேண்டியது சாதாரண நீர்க்கலமே. முதற்குறிப்பில் அது இடம்பெறவில்லை. ஏப்பிரலில் டலசில் அமெரிக்க இரசாயனவியற் சங்கக் கூட்டத்தில் இது நேரே கேட்கப்பட்டபோதும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

விளைவுகள்

கூற்று வெளியான சில வாரங்களுள் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் அதனைச் செய்துபார்க்க முனைந்தன. ஜோர்ஜியாவில் நியூத்திரன்களைக் கண்டதாக அறிவித்தோர், தம் உணர்கருவி வெப்பத்துக்கே துலங்கியது என்பதை அறிந்து சில நாட்களில் அறிவிப்பை மீளப்பெற்றனர். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தினர் நியூத்திரன்களையும் திரித்தியத்தையும் கண்டதாக அறிவித்தனர். இங்கிலாந்தின் ஹாவெல் ஆய்வுகூடம் விரிவான பரிசோதனைகளின் பின் மிகைவெப்பமோ அணுக்கரு விளைவோ காணப்படவில்லை என வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கச் சக்தித் திணைக்களத்தின் குழுவும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது. யூட்டா மாநிலம் 5 மில்லியன் டொலரை இதற்கென ஒதுக்கியிருந்தது; அதனால் எழுந்த நிறுவனம் 1991 இல் மூடப்பட்டது. 1992 ஜனவரியில் கலிபோர்ணியாவிலுள்ள ஆய்வுநிலையமொன்றில் இத்தகைய கலமொன்று வெடித்து ஓர் ஆய்வாளர் உயிரிழந்தார். தியூத்திரியமும் ஒட்சிசனும் சேர்ந்து எரிந்தமையே அதற்குக் காரணமெனக் கொள்ளப்பட்டது. அணுக்கருச் சக்தியைத் தேடிய இடத்தில் உயிரைக் கொண்டது மூலக்கூறுக்கு 3 இலத்திரன்வோல்ற்றையே தரும் பழகிய இரசாயனம். புதுமையின் மீது பதிந்த கண், அறிந்த ஆபத்தைக் காணத் தவறும் என்பதற்கு இது துயரமான சான்று.

வினா பின்னரும் தடைசெய்யப்படவில்லை. 2004 இல் அதே திணைக்களம் மீண்டும் ஆராய்ந்தபோதும் முடிவு பெரிதும் மாறவில்லை. கூகுள் நிறுவனத்தின் நிதியுதவியுடன் பல நிறுவனங்களைச் சேர்ந்தோர் ஆண்டுக்கணக்கில் நிகழ்த்திய ஆய்வு 2019 இல் வெளிவந்தது. அவ்விளைவுக்குச் சான்றெதுவும் கிடைக்கவில்லை என்றும், ஆயினும் வெப்ப அளவீட்டு முறைகளும் உலோகத்தில் ஐதரசனை நிறைக்கும் முறைகளும் திருந்தின என்றும் அது கூறியது. 2023 இல் அமெரிக்க அரசின் சக்தி ஆய்வு முகவரகமொன்று இத்துறையில் எட்டு ஆய்வுகளுக்கு 10 மில்லியன் டொலர் ஒதுக்கியது. விஞ்ஞானம் இக்கூற்றைக் கேளாமலே தள்ளியது என்ற குற்றச்சாட்டுக்கு இவை போதிய விடையாகும்.

முடிவுரை

1903 உம் 1989 உம் வேறுபடும் இடம் வெப்பத்தின் அளவன்று. ஒரு கிராம் இரேடியம் ஓராண்டிற் தருவதும் ஒரு கனசதமமீற்றர் பலேடியம் ஐந்து நாளிற் தந்ததாகக் கூறப்பட்டதும் ஏறத்தாழ 4 மெகாயூலே. முன்னையது ஒப்பீட்டுப் பொருளோடு அளக்கப்பட்டது, கழித்தலிற் தங்காதது, எவர் கையிலும் நிகழ்ந்தது, ஈலியத்தை எச்சமாக விட்டது. பின்னையது இந்நான்கில் ஒன்றையும் உறுதியாகப் பெறவில்லை. 1926 இன் கூற்று எச்சத்தைப் பெற்றிருந்தும் அதன் மூலத்தை ஐயுற்றுச் சோதித்துத் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. ஆகையாற் தோல்வியுற்றும் மதிக்கப்படுகின்றது.

மலிவான, எல்லையற்ற சக்தி என்ற வாக்குறுதி எரிபொருளுக்குப் பிறரை எதிர்நோக்கியுள்ள நாடுகளுக்கு மிக இனியது. வேண்டப்படுவதை வேண்டாதது போலச் சோதிக்கும் கடப்பாடு அங்குதான் கடினமாகின்றது. யூட்டாவின் இரு அறிஞரும் அறியாமையாற் தவறியோர் அல்லர். மின்னிரசாயனம் அவர்கள் துறை. உரிமைப் பதிவையும் முந்துரிமையையும் கருதிய அவசரத்தில், சாதாரண நீரை இட்டுப் பார்த்து முடிவைக் கூறும் பொறுமை மட்டும் குறைந்தது. ஒருவரின் தகுதியை அவர் விட்டுச்செல்வதைக் கொண்டு அறியும் மரபு தமிழ் அறநூலுக்குப் புதிதன்று. பெருஞ்சக்திக் கூற்றுக்களையும் அவ்வாறே அறிதல் தகும்: வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் வெப்பத்தாலன்றி, அது விட்டுச்சென்ற எச்சத்தால்.